கைதட்டல் மட்டும் போதுமா?

2020ஆம் ஆண்டு கோறனி நச்சில் நம் நாட்டை உலுக்கியபோது மருத்துவர்களையும் தாதியர்களையும் வாயாரப் புகழ்ந்தோம். அது தகும். ஆனால், மருத்துவமனைக் கட்டடத்தையே நோய்க்கேற்ப மாற்றியவர்களை எத்தனை பேர் நினைத்தோம்?

சுங்கை பூலோ மருத்துவமனை கோவிட் நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டது. செர்டாங்கில் விவசாயக் கண்காட்சி நடக்கும் மேப்ஸ் வளாகம் ஏறத்தாழ 600 கட்டில்கள் கொண்ட சிகிச்சை மையமானது. கட்டில்களை அடுக்கினால் மட்டும் மருத்துவமனை ஆகிவிடுமா? நோயாளியின் அறைக்காற்று நடைபாதைக்குக் கசியக்கூடாது. அதற்காக உள்ளே விடும் காற்றைவிட அதிகமான காற்றை வெளியே இழுக்க வேண்டும். பலருக்கு ஒரே நேரத்தில் உயிர்வளி தேவைப்பட்டால் குழாயில் அழுத்தம் குறையும். அதைக் காக்க வேண்டும். கழிவுக்குத் தனிவழி வேண்டும். கதவுப்பிடி முதல் கழிவறை வரை ஓயாமல் துடைக்க வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் இத்தகைய துணைச்சேவைகள் 1996ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்வழி தனியாரிடம் சென்றன. துப்புரவுப் பணியில் நம்மவர்களும் உள்ளனர். 2020 ஜூன் மாதம் ஈப்போவில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களின் உரிமைக்காக நடந்த மறியலில் ஐவர் கைது செய்யப்பட்டனர். புகழாரம் ஒருபுறம், கைவிலங்கு மறுபுறம்!

நிரந்தர வேலை கொடுத்தால் செலவு கூடும் என்பர் சிலர். வார்டின் மூலைமுடுக்கெல்லாம் அறிந்த கைகளை இழப்பதும் செலவுதானே? அடுத்த தொற்று, புதிய ஆள்கள் வேலை பழகும்வரை காத்திருக்காது.

பட்டதாரிகளாகப் போகும் நாம் இதைக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்?