பொதுச் சூளையின் நெறி செயற்கை நுண்ணறிவுக்கும் வேண்டும்

ஒரு மாநிலத்தின் செயற்கை நுண்ணறிவுக் கொள்கை பொதுநலனுக்குப் பயன்படுகிறதா என்பதை அளந்து பார்க்க, சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்களைக் காட்டிலும் கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தின் செராமிக் தொழிற்பேட்டையே தகுந்த இடம். சிறு முதலீடு, குறைந்த ஆட்கள், பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும் விற்பனை, நுரையீரலைக் கெடுக்கும் தூசி என்று தமிழ்நாட்டின் சிறுதொழில்கள் சுமக்கும் சிக்கல்கள் பலவும் அங்கே ஒருசேரக் காணப்படுகின்றன. பழைய பதிவுகளைப் பெருந்தொகையாகத் திரட்டி, அவற்றிலுள்ள ஒழுங்குகளைத் தானே கண்டறிந்து, புதிதாக நேரும் ஒன்றைப் பற்றிக் கணிப்போ பரிந்துரையோ சொல்லும் கணினி முறையே செயற்கை நுண்ணறிவு எனப்படுகிறது. அதற்காக அரசுகள் செலவிடும் பணத்திலிருந்து இந்த ஊரின் சூளைகளுக்கும் அவற்றை எரிப்பவர்களுக்கும் என்ன வந்து சேர்கிறது என்ற கேள்விக்கு விடை சொல்ல இயலாத கொள்கை, எத்தனை அழகாக எழுதப்பட்டிருந்தாலும், பொதுநலக் கொள்கை ஆகாது.

விருத்தாசலத்தில் இத்தொழில் வேரூன்றியதற்கு அருகிலுள்ள நெய்வேலி ஒரு காரணம். பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக மேலடுக்கை அகற்றும்போது அங்கே வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. மண் மட்டும் இருந்தால் தொழில் வளர்ந்துவிடாது. களிமண்ணையும் படிகக்கல்லையும் அரைத்துப் பதப்படுத்தும் இயந்திரமும், ஆயிரம் பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தைத் தாங்கும் சூளையும் ஒரு சிறு உற்பத்தியாளர் தனியாக வாங்கக்கூடியவை அல்ல என்பதால், அவற்றைப் பொது வசதியாக அமைத்து, அச்சு வார்ப்பவரும் பொம்மை செய்பவரும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாட்டை அரசு உருவாக்கியது. பீங்கான் ஃபியூஸ் கட்டைகளும் அகல் விளக்குகளும் கொலு பொம்மைகளும் அந்த ஏற்பாட்டின் பலத்திலேயே இந்த ஊரிலிருந்து வெளியூர்களுக்குப் போயின. செராமிக் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு நடத்தும் அரசுப் பயிலகமும் இங்கேயே இயங்குகிறது. இதே ஊரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம், ஊர்ப்பெயரின் சுருக்கமான ‘விஆர்ஐ’ என்ற எழுத்துகளைத் தாங்கிய நிலக்கடலை, முந்திரி ரகங்களைப் பொதுப்பணத்தில் உருவாக்கி உழவர்களிடம் சேர்த்திருக்கிறது. தனியொருவரால் எட்ட முடியாத கருவியையும் அறிவையும் அரசு பொதுவில் நிறுவுவது, அதன் பயனை எளியவர் தம் உழைப்புக்கு ஏற்ப எடுத்துக்கொள்வது என்ற நெறி இங்கே பல்லாண்டுகளாகப் பழகிவந்த ஒன்று. செயற்கை நுண்ணறிவும் அந்த நெறிக்குள் வரவேண்டும் என்பதே இந்தத் தலையங்கத்தின் நிலைப்பாடு.

கொள்கைகளுக்குக் குறைவில்லை. ‘அனைவருக்கும் செயற்கை நுண்ணறிவு’ என்ற முழக்கத்தோடு நிதி ஆயோக் 2018-இல் தேசிய உத்தியை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2020 செப்டம்பரில் ‘பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை’யை வெளியிட்டு, அரசுத் துறைகள் பயன்படுத்தும் இத்தகைய மென்பொருள்களைப் பன்முகத்தன்மை, சமநீதி, அந்தரங்கக் காப்பு, தவறான பயன்பாட்டுக்கு எதிரான தடுப்பு, தணிக்கை போன்ற தலைப்புகளில் மதிப்பிடும் ‘டீப்-மேக்ஸ்’ என்ற மதிப்பெண் அட்டையையும் முன்மொழிந்தது; இந்திய மாநிலங்களில் இது முன்னோடியான முயற்சி என்பதில் ஐயமில்லை. 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘இந்தியா ஏஐ’ இயக்கத்துக்கு ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 10,372 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒரே தலைப்பில் மிகப் பெரிய பங்கு, செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்கத் தேவையான கணினித் திறனுக்கு, அதாவது ஜிபியு எனப்படும் உயர்வேகச் சில்லுகளின் தொகுப்புக்குச் செல்கிறது. புத்தாக்க நிறுவனங்களும் ஆய்வாளர்களும் அந்தத் திறனைச் சலுகைக் கட்டணத்தில் பெற முடிவது நல்லதே. ஆனால் சில்லு இருந்தும் தரவு இல்லாத இடத்தில் எதையும் கற்பிக்க முடியாது. சிறுதொழில்களின் தரவோ இன்றுவரை நோட்டுப் புத்தகங்களிலும் கைதேர்ந்தவர்களின் கண்பார்வையிலும் மட்டுமே இருக்கிறது.

சூளைக்குள் நிகழ்வதை அருகிருந்து பார்த்தால் இதன் பொருள் விளங்கும். பீங்கான் கலவையில் சேர்க்கப்படும் படிகக்கல், 573 பாகை செல்சியஸில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்கிறது. சூடேறும்போது சற்றே விரிந்து, ஆறும்போது அதே புள்ளியில் திடீரெனச் சுருங்குகிறது. அந்த வெப்பநிலையைச் சூளை எவ்வளவு மெதுவாகக் கடக்கிறது என்பதைப் பொறுத்தே பொருள் முழுதாக வருவதும் மயிரிழை விரிசலோடு வருவதும் அமையும். விரிசல் விழுந்த பொருளை மறுபடி மண்ணாக்க முடியாது. அதற்குள் சென்ற எரிபொருள், கூலி, கிளேஸ் எனப்படும் மேற்பூச்சு யாவும் வீண். அனுபவமிக்க சூளைக்காரர் பார்வைத் துளை வழியே தெரியும் தணலின் நிறத்தையும், குறிப்பிட்ட வெப்பத்தில் வளைந்து சாயும் கூம்புகளையும் கொண்டு இதைக் கணிக்கிறார். சூளையின் பல மூலைகளில் வெப்பமானிகளைப் பொருத்தி, ஒவ்வொரு சுடுதலின் வெப்ப ஏற்ற இறக்கத்தையும், மண் எந்த லோடிலிருந்து வந்தது என்பதையும், எத்தனை உருப்படிகள் எவ்விதமாகப் பழுதாயின என்பதையும் தொடர்ந்து பதிந்துவந்தால், எந்த மூலை எப்போது வேகமாக ஆறுகிறது, எந்த மண்ணுக்கு எவ்வளவு ஆறும் நேரம் வேண்டும் என்பவற்றைச் சொல்லும் கணிப்பு முறையை உருவாக்குவது இன்றைய தொழில்நுட்பத்துக்குக் கடினமன்று. இதற்குப் பெரும் மொழி மாதிரிகளோ ஆயிரக்கணக்கான சில்லுகளோ தேவைப்படா. தேவைப்படுவது, பயிலகத்தின் மாணவர்கள் பொறுமையாகப் பதிவு செய்யும் சில ஆண்டுகளும், சூளைக்காரரின் அறிவை அறிவாக மதித்து அதற்கு ஊதியம் தரும் மனமும்தான்.

இதைத் தனியார் சந்தையே செய்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள், ஓர் ஊரின் சிறுசூளைகளுக்காக மென்பொருள் எழுதுவதில் எந்த நிறுவனத்துக்கு இலாபம் கிட்டும் என்பதையும் சொல்லவேண்டும். குஜராத்தின் மொர்பியிலுள்ள ஓடு ஆலைகள் போன்ற பெருந்திரள் தொழில்களுக்கு அத்தகைய சேவை விலைக்குக் கிடைக்கும். விருத்தாசலத்துக்குக் கிடைத்தால், பெரும்பாலும் வேறொரு வடிவில்தான் கிடைக்கும். முதலில் கட்டணமில்லாச் செயலி ஒன்று வரும். உற்பத்தியாளர்கள் தம் கலவை விகிதத்தையும் சுடும் முறையையும் அதில் பதிவார்கள். போதிய அளவு சேர்ந்த பின் அந்த அறிவே மாதச் சந்தாவாக அவர்களுக்குத் திருப்பி விற்கப்படும். 2023-ஆம் ஆண்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே துணைக்கு வராது. ஒருவரை அடையாளம் காட்டும் தகவல்களை மட்டுமே அது காக்கிறது, சூளையின் வெப்பப் பதிவும் கிளேஸின் கலவையும் தனிநபர் தகவல்கள் அல்ல. தலைமுறையாகத் திரண்ட தொழிலறிவு சட்டத்தின் கண்ணில் யாருக்கும் சொந்தமற்றதாக நிற்கும் இந்த இடைவெளியை, தரவைப் பொதுவில் வைத்திருக்கும் கூட்டுறவு அமைப்பு ஒன்றால் மட்டுமே அடைக்க முடியும். தரவைத் தந்த உற்பத்தியாளர்களும் தொழிலாளர்களும் உறுப்பினர்களாக இருந்து, யார் எதற்காக அதைப் பயன்படுத்தலாம் என்பதை முடிவு செய்யும் அத்தகைய அமைப்புக்குச் சட்ட வடிவம் தருவது மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டதே.

பழுதான உருப்படிகளைக் காட்டிலும் அவசரமானது உருப்படி செய்பவரின் நுரையீரல். படிகக்கல்லை அரைக்கும்போதும், உலர்ந்த, சுடப்படாத பாண்டத்தின் விளிம்பைத் தேய்த்துச் சீராக்கும்போதும், பணி முடிந்து தரையைப் பெருக்கும்போதும் எழும் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா துகள்கள் நுரையீரலின் ஆழத்தில் தங்கி, அங்கே தழும்பை உண்டாக்குகின்றன. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோய் பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே வெளிப்படும்; வந்தபின் தழும்பை நீக்க மருந்தில்லை. இருமலும் மூச்சுத்திணறலும் எடை குறைவும் காசநோயின் அறிகுறிகளை ஒத்திருப்பதால், காசநோய் மருந்தே கொடுக்கப்பட்டு உண்மை நோய் பதிவேடுகளில் இடம்பெறாமல் போவது இந்தியாவெங்கும் நிகழ்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதனை அரசுக்கு அறிவித்தே ஆகவேண்டிய நோய்களின் அட்டவணையில் சேர்த்தது. ஆனால் மின்விசையோடு பத்துப் பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் இடம் அச்சட்டத்தின்படி தொழிற்சாலையாகவே கருதப்படவில்லை. 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை இருபதாக உயர்த்தி, சிறு பட்டறைகளைக் கண்காணிப்பிலிருந்து மேலும் தொலைவுக்குத் தள்ளியிருக்கிறது.

மார்பு எக்ஸ்ரே படத்தைக் கணினியே படித்துக் காசநோய்க்கான ஐயத்தைச் சுட்டிக்காட்டும் முறையை, பதினைந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. எக்ஸ்ரே படத்தில் தூசித் தழும்பைப் பிரித்தறியப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் அரிதாக இருக்கும் நாட்டில், இதே தொழில்நுட்பத்தைச் சிலிக்கோசிஸுக்கும் பயிற்றுவிப்பதைக் காட்டிலும் பொதுநலன் சார்ந்த பயன்பாட்டைக் காண்பது அரிது. காசநோய்க்காக மட்டும் பயிற்றுவிக்கப்பட்ட மென்பொருளை அப்படியே கொண்டுவந்தால், மருத்துவர் செய்த அதே தவற்றைக் கணினியும் இன்னும் வேகமாகச் செய்யும் என்பதால், தொழிலாளர்களின் ஒப்புதலோடு திரட்டப்பட்ட படங்களைக் கொண்டு தனியாகப் பயிற்றுவிப்பது கட்டாயம். பணியிடத்துக்கே சென்று இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் சோதிக்கும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2024-இல் தொடங்கியிருக்கிறது. கையில் எடுத்துச் செல்லும் எக்ஸ்ரே கருவியை அதில் சேர்த்து, விருத்தாசலத்தின் செராமிக் பட்டறைகளை முதல் களமாகக் கொள்ளலாம். முடிவு தொழிலாளரிடமும் மருத்துவரிடமும் மட்டுமே சேரவேண்டும். உரிமையாளரின் கைக்கு அது முதலில் போனால், நோயைக் கண்டறியும் கருவி வேலையைப் பறிக்கும் கருவியாகிவிடும். அதன்பின் எந்தத் தொழிலாளியும் எக்ஸ்ரே கருவியின் பக்கம் வரமாட்டார். எழும்போதே தூசியை அடக்கும் நீர்த்தெளிப்புக்கும் உறிஞ்சிக் குழாய்க்கும் எந்த மென்பொருளும் மாற்றாகாது என்பதையும் அழுத்தமாகவே சொல்லவேண்டும். ஈரத்துணியால் துடைக்கவேண்டிய தரையைத் துடைப்பத்தால் பெருக்கவிட்டு, எக்ஸ்ரேக்குக் கணினி வாங்குவது தொழிலாளர்களுக்கு இழைக்கும் அநீதி.

கணினியின் முடிவு உதவித்தொகையையோ உரிமையையோ தொடும் இடத்தில் இன்னும் கடுமையான காப்பு வேண்டும். ஆஸ்திரேலியாவில் ‘ரோபோடெட்’ என்று பெயர் பெற்ற திட்டம், உதவித்தொகை பெறுவோரின் ஆண்டு வருமானத்தை இரண்டு வாரக் கூறுகளாகச் சமமாகப் பிரித்துக் கணக்கிட்டு, கூடுதலாகப் பணம் பெற்றுவிட்டதாக 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மீது தவறான கடனைச் சுமத்தியது. அது சட்டத்துக்குப் புறம்பானது என்று நிலைநாட்டப்பட்டு, 2023-இல் அரச ஆணையம் அதனைக் கொடூரமான திட்டமாகப் பதிவு செய்தது. நவராத்திரிக்கும் கார்த்திகைத் தீபத்துக்கும் முந்தைய மாதங்களில் கைநிறைய வேலையும் மற்ற மாதங்களில் வெறுங்கையுமாக இருக்கும் செராமிக் தொழிலாளியின் வருமானத்தைச் சராசரியாக்கும் எந்தக் கணினியும் அதே தவற்றைத்தான் செய்யும். 2023-இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில், ஆண்டு மின் நுகர்வு 3,600 அலகு போன்ற வரம்புகளைக் கொண்டு தகுதி சரிபார்க்கப்பட்டபோது, மறுக்கப்பட்டவர்கள் 30 நாட்களுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி வைக்கப்பட்டது. அது செயற்கை நுண்ணறிவுத் திட்டம் அன்று. ஆயினும், மறுத்தால் காரணம் சொல்லவேண்டும், பெயரும் பதவியும் உள்ள ஓர் அலுவலர் மறுபடி கேட்கவேண்டும் என்ற அந்த முறையை இனிவரும் ஒவ்வொரு தானியங்கி முடிவுக்கும் சட்டப்படி விரிவாக்குவது அவசியம்.

எரிவாயு விலையும் மண்ணின் விலையும் குறையவேண்டும், ஆர்டர் வேண்டும், இவற்றை விட்டுவிட்டுக் கணினியைப் பற்றிப் பேசுவானேன் என்ற மறுப்பு விருத்தாசலத்திலிருந்தே எழும். அதில் நியாயமும் இருக்கிறது. எம்சிபி எனப்படும் தானியங்கி மின்துண்டிப்பான்கள் வீடுகளுக்கு வந்தபோது பீங்கான் ஃபியூஸ் கட்டையின் சந்தை சுருங்கியதை எந்தக் கணிப்பு முறையும் தடுத்திருக்க முடியாது. எனினும், ஒவ்வொரு சுடுதலிலும் வீணாகும் எரிபொருளும் உருப்படியும் குறைவது விலைச் சுமையைத் தாங்க உதவும் என்பதோடு, ஃபியூஸ் கட்டையை விட நுணுக்கமான, விலை கூடிய பொருளுக்கு மாறுவதற்கும் சீரான சுடுதலே முதல் தகுதி. இந்தச் செலவு பெரும் திட்டங்களின் ஒதுக்கீட்டோடு ஒப்பிட்டால் பொருட்படுத்தத்தக்கதே அன்று. சிறு, குறு தொழில் குழுமங்களின் பொது வசதி மையங்களுக்கு மத்திய, மாநில அரசுகள் ஏற்கெனவே தரும் மானியத்தின் விதிகளில் கட்டடம், இயந்திரம் என்பவற்றோடு தரவுப் பதிவையும் அதைப் பராமரிக்கும் ஆளின் ஊதியத்தையும் சேர்த்தாலே போதும்.

ஆகவே மாநில அரசு தன் அடுத்த நிதிநிலை அறிக்கையில், விருத்தாசலத்துக்கென்று சூளைத் தரவு மையம் ஒன்றையும் தொழில் நுரையீரல் பரிசோதனைத் திட்டம் ஒன்றையும் தனித்தனித் தலைப்பில் அறிவிக்கவேண்டும். முன்னதைச் செராமிக் பயிலகத்திடமும், பின்னதை விருத்தாசலம் அரசு மருத்துவமனையிடமும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடமும் ஒப்படைக்கவேண்டும். இரண்டுக்கும் வாங்கப்படும் மென்பொருள்களின் டீப்-மேக்ஸ் மதிப்பெண்ணைப் பயன்பாட்டுக்கு வருமுன்பே தமிழில் வெளியிடவேண்டும். பத்துப் பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் பட்டறைகளும் பரிசோதனையில் அடங்கும் என்று அரசாணையிலேயே எழுதவேண்டும். மென்பொருளை வழங்கும் நிறுவனம் விலகினாலும் பதிவுகள் பயிலகத்திடமும் கூட்டுறவு அமைப்பிடமுமே நிலைத்திருக்கும் என்ற நிபந்தனை, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே அதில் இடம்பெறவேண்டும்.