தியேட்டரை இடிக்கலாம், பைலை எரிக்காதீங்க!

கோவை டவுன்ஹால் பக்கம் போனால் வெரைட்டி ஹால் ரோடு இருக்கிறது. ஹால் எங்கே என்று கேட்காதீர்கள். இடித்தாகிவிட்டது!

பேசாப்பட காலத்தில், 1914-ல் எழும்பிய கொட்டகை அது. கட்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். முதலில் திருச்சியில் ரெயில்வே குமாஸ்தா. 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டி வந்தவர், உடம்பு முடியாமல் மெஷினை விற்கப் பார்த்தார். நம்ம குமாஸ்தா எப்படியோ பணத்தைப் புரட்டி வாங்கிவிட்டார். வேலைக்கு ஒரு கும்பிடு! டெண்டு போட்டு ஊர் ஊராக ஓட்டிவிட்டு, கடைசியில் கோவையில் கல்லுக் கட்டடம். பின்னாளில் அதற்குப் பேரு டிலைட். நூறு வருஷம் தாண்டி நின்றது; முடிவில் கடப்பாரை.

சென்னை மவுண்ட் ரோடு எலக்ட்ரிக் தியேட்டர் மட்டும் பிழைத்தது. 1913-ல் வார்விக் மேஜர் கட்டியது. 1915-ல் தபால் இலாகா வாங்கியது. ஸ்டாம்பு விற்றதால் தப்பிச்சுது!

நம்ம கடலூர், சிதம்பரம் சங்கதிக்கு வருவோம். பழைய கொட்டகையைக் காப்பாத்துங்க என்று நான் கேட்கவில்லை. கூட்டம் வராத தியேட்டருக்கு ஓனர் எத்தனை நாள் வரி கட்டுவார்? மண்டபம் கட்டட்டும், ஜவுளிக்கடை கட்டட்டும்.

ஆனால் காகிதம் என்ன பாவம் செய்தது?

அந்தக் காலப் படச்சுருள் தீக்குச்சி மாதிரி. பொறி பட்டால் போச்சு. அதனால்தான் வெள்ளைக்காரன் 1918-ல் சினிமா சட்டம் போட்டான். லைசென்சு இல்லாமல் படம் காட்டக் கூடாது. ஜனங்கள் பத்திரமாக இருக்க ஏற்பாடு இருக்கா என்று பார்த்துத்தான் லைசென்சு. கொடுப்பவர் ஜில்லா மாஜிஸ்திரேட். சிதம்பரமானாலும் விழுப்புரமானாலும் அன்றைக்குத் தென்னாற்காடு ஜில்லா. தலைநகர் நம்ம கடலூர். 1993-ல்தானே ஜில்லாவைப் பிரித்தார்கள்!

ஆக, நம்ம ஊரில் முதல் கொட்டகை யார் போட்டது, எந்தத் தெருவில் போட்டது என்று தேட வேண்டிய இடம் கலெக்டர் ஆபீஸ் ரிக்கார்டு ரூம். பழைய கட்டுகளைக் கழிக்கிறபோது சினிமா லைசென்சு பைலை மட்டும் தனியே எடுத்து வையுங்கள், கலெக்டர் அய்யா.

கடலூர் மாநகராட்சிக்கும் சிதம்பரம் நகராட்சிக்கும் ஒரு வார்த்தை. தியேட்டரை இடிக்க மனு வந்தால், நாலு போட்டோ, ஒரு பிளான் நகல் வாங்கிக்கொண்டு அப்புறம் அனுமதி கொடுங்கள். ஒரு கல்யாண பேனர் செலவு கூட ஆகாது.