அமைவுக் கோப்பும் அதன் பராமரிப்பும்

மழைமானி, ஆற்று நீர்மட்ட அளவி, மின் அளவி முதலிய கருவிகளுள் சிறு கணிப்பொறி ஒன்று உட்பொதிந்து இயங்குதல் இந்நாளில் பெருவழக்காகிவிட்டது. அதனை இயக்கும் மென்பொருளின் மூலநிரலைப் பேணுவதில் வல்லுநர் மிகுந்த அக்கறை காட்டுகின்றனர். ஆனால் அந்நிரலில் எப்பகுதிகளைச் சேர்ப்பது, எவற்றை விலக்குவது என்று வரையறுக்கும் அமைவுக் கோப்போ, பல இடங்களில் ஒருமுறை எழுதப்பட்டு மறக்கப்படுகிறது. இவ்வழக்கம் தவறானது; தொலைவிடங்களில் நிறுவப்பட்ட கருவிகளுக்குத் தீங்கு பயப்பதுமாகும்.

இதற்கு லினக்ஸ் கர்னல் தக்க சான்றாகும். 2002-ஆம் ஆண்டு முதல் அதன் தெரிவுகளைக் கேகான்ஃபிக் என்னும் முறை நெறிப்படுத்துகிறது. முழு அமைவுக் கோப்பு பல்லாயிரம் வரிகளைக் கொண்டது. ஒவ்வொரு வரியும் ஒரு வினாவுக்குரிய விடை. புதிய பதிப்பு வெளிவருந்தோறும் சில வினாக்கள் சேர்கின்றன, சில பெயர் மாறுகின்றன, சில மறைகின்றன. மறைந்துபோன பெயர் பழைய கோப்பில் இருப்பின், வழக்கமான அமைப்பில் கருவிநிரல் அதனைப் பேசாது புறக்கணித்துவிடும். தொகுப்பு பிழையின்றி முடியும். கருவியும் இயங்கத் தொடங்கும். வேண்டிய உறுப்பு ஒன்று மட்டும் அதில் இராது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாததுபோல், கோப்பில் உள்ள வரி கருவிக்கு உதவாமற் போகிறது.

2018-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று கருதத்தக்கது. நினைவக அடுக்கில் எல்லை மீறி எழுதப்படுவதைக் கண்டறியும் காப்பு, கர்னலில் சாதாரணம், வலியது என இரு நிலைகளில் உண்டு. கிடைப்பவற்றுள் வலியதைத் தானே தேர்ந்துகொள்ளும் மூன்றாவது தெரிவும் முன்பு இருந்தது. 4.18 பதிப்புக்கான திருத்தங்களில் அது நீக்கப்பட்டது. அதனைத் தெரிந்தெடுத்திருந்தோரின் பழைய கோப்பில், வலிய காப்புக்கு நேரே ‘வேண்டா’ என்ற குறிப்பே இருந்தது. ஆகவே, கோப்பைப் புதுப்பிக்கும் கட்டளை வலிய காப்பை விலக்கி, மெலிந்ததை நிறுத்தியது. இவ்விடரைக் கண்ட லினஸ் டோர்வால்ட்ஸ், அவ்வாண்டு சூன் திங்களில் இரு தெரிவுகளின் பெயரையும் மாற்றிப் பழைய விடை பொருந்தாதவாறு செய்தார். பயனாளர் எவரும் பிழை செய்யவில்லை, கோப்பும் சிதையவில்லை. கோப்பு எழுதப்பட்ட மொழிதான் மாறியது.

‘ஓடும் கருவியைத் தொடாதிருப்பதே நலம்’ என்பர் சிலர். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் பாதுகாப்புக் குறை வெளிப்படும் நாளில் பதிப்பை மாற்றியே தீரவேண்டும். ஐந்தாண்டு இடைவெளியை ஒரே நாளில் தாண்ட முயல்வோர்முன் நூற்றுக்கணக்கான வினாக்கள் வந்து நிற்கும். அப்போது படியாமலே விசையை அழுத்திச் செல்வது மனித இயல்பு. இயல்பு மதிப்புகளை ஏற்றுக்கொள்ளும் கட்டளை இருப்பினும், அம்மதிப்புகள் பொதுப் பயனுக்காக வகுக்கப்பட்டவை. மலையுச்சியில் தனித்து இயங்கும் மழைமானியை எண்ணி வகுக்கப்பட்டவை அல்ல. நிரல் முடங்கியவுடன் கருவியை மீளத் தொடக்கும் வாட்ச்டாக் என்னும் காவல் உறுப்பு இவ்வாறு விடுபடின், ஊழியர் ஒருவர் மலையேறிச் செல்லும்வரை மழைக்கணக்கு நின்றுபோகும்.

கோப்பைச் சுருக்குதல் முதற்படி. 2010-ஆம் ஆண்டில் ஏஆர்எம் பிரிவின் அமைவுக் கோப்புகளில் இயல்பு மதிப்புக்கு மாறான வரிகளை மட்டும் நிறுத்தியபோது, ஏறத்தாழ 1,90,000 வரிகள் நீங்கின. சிறிய கோப்பை மனிதர் படித்தறியலாம். ஆயினும் சுருக்கம் மட்டும் போதாது. இன்று இயல்பாக அமைந்திருப்பது நாளை இயல்பாக அமையாமற் போகலாம். அப்போது சுருக்கக் கோப்பில் எழுதப்படாத தேவை மறைந்துவிடும். எனவே கருவிக்கு இன்றியமையாத தெரிவுகளைத் தனிக் கோப்பில், ஒவ்வொன்றுக்கும் காரணத்துடன் எழுதிவைத்தல் வேண்டும். கர்னலுடன் வரும் மெர்ஜ் கான்ஃபிக் என்னும் துணைநிரல் அதனை அடிப்படைக் கோப்புடன் இணைத்து, கேட்ட மதிப்பு இறுதிக் கோப்பில் இல்லையெனில் எச்சரிக்கும். செஃபிர் என்னும் இயக்குதளம் இன்னும் கண்டிப்பானது. இல்லாத பெயருக்கு மதிப்பளித்தால் தொகுப்பையே நிறுத்திவிடும். இக்கண்டிப்பே எங்கும் வழக்காதல் நன்று.

களப்பணியாளருக்கும் இதில் பங்குண்டு. உரிய தெரிவு சேர்க்கப்பட்டிருப்பின், இயங்கும் கர்னலிலிருந்தே அதன் அமைவைப் படித்தெடுக்கலாம். பழுதுற்ற கருவியைத் திருப்பி அனுப்புகையில் பதிப்பு எண்ணையும் அவ்வமைவையும் உடன் அனுப்பினால், பழுதின் காரணத்தைத் தேடும் உழைப்பு பெரிதும் குறையும். ஆசிரியர்கள் பழைய கோப்பொன்றை மாணவரிடம் தந்து, புதிய பதிப்புக்கு அதனை மாற்றச் செய்து, மறைந்த வரிகளைப் பட்டியலிடப் பணிக்கலாம். நிரல் எழுதக் கற்பிப்பதைப்போலவே, எழுதிய முடிவுகள் இன்னும் நிலைத்துள்ளனவா என்று சரிபார்க்கக் கற்பிப்பதும் தொழிற்கல்வியின் கடமையாகும்.