போலாமான்னு கேட்டா அதுக்கும் சிவப்பு மார்க்கா?

பிரெஞ்சுப் படத்துக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் எழுதுறவங்க வயித்தெரிச்சலை யார்கிட்டப் போய்ச் சொல்றது? நீங்களாவது கேளுங்க.

படத்துல ஒரு பொண்ணு பையன்கிட்ட, "ஸி ஓன் அலே ஓ சினெமா?"ங்கறா. சினிமாவுக்குப் போலாமா, அவ்வளவுதான். 'ஹௌ அபௌட் எ மூவி?'ன்னு எழுதி அனுப்பினேன். சிவப்பு மார்க்கோட திரும்பி வருது. மூலத்துல 'ஸி' இருக்காம், 'இஃப்' எங்கேன்னு ரிவ்யூவர் கேக்கறார். வினைச்சொல் இறந்தகாலத்துல இருக்காம், என் வரியில அது விட்டுப்போச்சாம். அவர் போட்ட திருத்தம்: 'இஃப் வீ வென்ட் டு த சினிமா?' ஏங்க, எந்த ஊர்லங்க ஒரு பொண்ணு இப்படிக் கூப்பிடுவா? 'ஸி'யோட இறந்தகால வடிவம் சேர்ந்து கேள்வியா நின்னா, பிரெஞ்சுல அது 'செய்யலாமா'ன்னு அர்த்தம். பிரெஞ்சு படிக்கிற பசங்களுக்குப் பாடப் புத்தகத்துலயே இருக்கு. அது தெரியாதவர் எனக்கு மார்க் போடுறார். அந்த மார்க்கை வெச்சுத்தான் எனக்கு அடுத்த வேலையே!

'ஜெ தேன்வீத்' கதை இன்னும் மோசம். சாப்பிட்டு முடிச்சு பில் வர்ற நேரம், ஒருத்தன் நண்பன்கிட்ட அதைச் சொல்றான். பில் நான் குடுக்கறேன்னு அர்த்தம். 'இட்ஸ் ஆன் மீ'ன்னு போட்டா, 'ஐ இன்வைட் யூ'ன்னு மாத்தி வெச்சிருக்காங்க. சாப்பிட்டு ஏப்பம் விட்டாச்சு, இனிமே எங்க கூப்பிடுறான்? பர்ஸை எடுக்கற கை ஸ்கிரீன்லயே தெரியுதே!

இதே வினைச்சொல் பாரிஸ் மெட்ரோ கடைசி ஸ்டேஷன்லயும் வரும். பயணிகள் எல்லாரும் இறங்க 'அழைக்கப்படுகிறார்கள்'னு அறிவிப்பாங்க. கேக்க மரியாதையா இருக்கும். உள்ள உட்கார்ந்திருக்க மட்டும் முடியாது. லண்டன்ல இதுக்கு 'ஆல் சேஞ்ச், ப்ளீஸ்'ம்பாங்க. அந்த அறிவிப்புக்கு 'ஆர் இன்வைட்டட்'னு எழுதினா, இஷ்டம் இருந்தா இறங்கலாம்னுதானே இங்கிலீஷ்காரன் நினைப்பான்? அரசாங்கக் கடிதத்துல படிவத்தை நிரப்ப 'அழைக்கிறதும்' இதே கதைதான். அது கட்டளை.

எனக்கு ரொம்ப வலிச்சது வேற இடம். புதுசாப் பழகின ரெண்டு பேர். அதுவரைக்கும் 'வூ'ன்னு மரியாதையாப் பேசிக்கிட்டு இருந்தாங்க. திடீர்னு அவள், "ஓன் ஸெ துத்வா?"ங்கறா. இனிமே நீ, வான்னே பேசிக்கலாமாங்கறா. தமிழ் ஆளுக்கு இதை விளக்கணுமா? எத்தனை வருஷப் பழக்கத்துல 'நீங்க' 'நீ' ஆகுதுன்னு நமக்குத் தெரியாதா? இங்கிலீஷ்ல எல்லாத்துக்கும் ஒரே 'யூ'. அதனால ரொம்ப யோசிச்சு, பேர் சொல்லியே கூப்பிடச் சொல்ற மாதிரி ஒரு வரி எழுதினேன். வரிக்கு 42 எழுத்துதான் இடம், அதுக்குள்ள அடக்கினேன். மூலத்துல பேரே இல்லையேன்னு தூக்கிட்டு, 'ஷல் வீ பீ இன்ஃபார்மல்?'னு போட்டுட்டாங்க. காதல் தொடங்கற இடங்க அது! ஆபீஸ் சர்க்குலர் மாதிரி ஆயிடுச்சு.

கேட்டா, "பார்க்கறவங்களுக்குப் புரியுதுல்ல, அது போதும்"ங்கறாங்க. எது புரியுது? ஒருத்தர் இன்னொருத்தரை எப்படிக் கூப்பிடுறாருங்கறதுலதானே அவங்க உறவே இருக்கு? வா, வாயேன், வாங்களேன், வரலாமே எல்லாம் ஒண்ணா?

வசனத்தை மட்டும் எக்செல்ல கொட்டி அனுப்பறாங்க. சில படத்துக்கு வீடியோ கூட கிடையாது, லீக் ஆயிடுமாம். யார் யார்கிட்டப் பேசுறாங்கன்னு பக்கத்துல ஒரு காலமாவது சேர்த்துக் குடுங்கன்னு கேட்டேன். அதுக்கெல்லாம் டைம் இல்லையாம். ஃபைல் மட்டும் நாளைக்குக் காலையில வேணுமாம்.