மாயாவிக்குக் கைதட்டல்! தோழனுக்குக் கேலியா?

1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் புறப்பட்டது. முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’! சிறுவர்கள் காசு சேர்த்து வாங்கினார்கள். கைமாறிக் கைமாறி, அட்டை கிழியும்வரை படித்தார்கள்.

யார் அந்த மாயாவி? ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்தவன்! அவனைத்தான் தமிழ்நாட்டுச் சிறுவன் வீரனென்று கொண்டாடினான். அதே சிறுவன், கால் விளங்காத பக்கத்து வீட்டுப் பையனை எப்படி அழைத்தான்? ‘நொண்டி’ என்றானே! காகிதத்தில் இருப்பவனுக்குக் கைதட்டல். கண்ணெதிரே இருப்பவனுக்குக் கேலி! ஏன் இந்த முரண்?

மின்சாரம் பாய்ந்தால் மாயாவி மறைந்துபோவான். அந்த வித்தையைக் கண்டோம். அவன் ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான் மாட்டும் பாட்டைக் கண்டோமா? கதை சொன்னவர் வேறு, அந்த வாழ்க்கை வாழ்பவர் வேறு, தோழர்களே! குறை அங்கேதான்.

வாழ்பவரே வரைந்தால்? அமெரிக்கப் பெண்மணி சிசி பெல், 4 வயதில் நோயால் கேட்கும் திறனை இழந்தவர். 2014இல் ‘எல் டெஃபோ’ என்ற படக்கதையாகத் தம் பிள்ளைப் பருவத்தை வரைந்தார். காதுக் கருவியின் பாட்டரி தீரத் தீர, பேசுவோரின் சொற்கள் படத்தில் மங்குகின்றன. கடைசியில் ஒன்றுமே இல்லை! படிப்பவனுக்கே காது அடைத்துப்போகிறது. பத்து மேடைகளில் முழங்கினாலும் இதை உணர்த்த முடியுமா? உதவுவதாக எண்ணிக் கத்திக் கத்திப் பேசும் தோழியின் அன்பு எப்படிக் குத்துகிறது என்பதையும் காட்டினார். அனுதாபம் கேட்கவில்லை, ‘என்னை அறிந்துகொள்’ என்றார்.

“நமக்கு ஓவியம் வராதே” என்பீர்கள். டெல்லியில் சரத் சர்மா தொடங்கிய வேர்ல்டு காமிக்ஸ் இந்தியா அமைப்பு, ஓவியம் பயிலாத எளிய மக்களுக்கு ஒரு வழி காட்டியது. நான்கே கட்டங்கள், கோட்டுப் படங்கள், சொந்தக் கதை. படியெடு, சுவரில் ஒட்டு! சுவரொட்டி நமக்குப் புதிதா? பசைவாளி தூக்கி வளர்ந்த இயக்கமல்லவா இது!

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் பேர். ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை நீக்கி, ‘மாற்றுத்திறனாளிகள்’ என்ற சொல்லைத் தந்தார் கலைஞர். 2010இல் தனித்துறையும் கண்டார். உள்ளாட்சி மன்றங்களில் அவர்களை நியமன உறுப்பினர்களாக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றம் வழிசெய்தது. சொல் வந்தது, இடமும் வருகிறது. ஆனால் தெருவின் நாக்கு மாறிவிட்டதா? சட்டம் நாற்காலி தரும். அதில் அமர்ந்தவரின் பேச்சைக் கேட்கும் காதை நாம்தான் தரவேண்டும்!

காமயகவுண்டன்பட்டித் தோழர்களே! திராட்சைப் பந்தலில் நாளெல்லாம் அண்ணாந்து வேலை செய்துவிட்டுத் தேநீர்க் கடைக்கு வருகிறீர்கள். அந்தச் சுவரில் நான்கு கட்டம் இருக்கட்டும். முதல் கட்டத்தில் எட்டாத பேருந்துப் படி. இரண்டாவதில் ‘பாவம்’ என்று தூக்கிவிடும் கைகள். மூன்றாவதில், தூக்கப்பட்டவரின் முகம். நான்காவதில் ஒரே கேள்வி: “படியைத் தாழ்த்த எத்தனை நாள் ஆகும்?”

அந்தக் கேள்வியை நாம் எழுத வேண்டாம். அவர் எழுதட்டும், அவர் வரையட்டும். கோணலாக இருந்தால் என்ன, அது அவருடைய கோடு! பசைவாளியை மட்டும் நாம் தூக்குவோம்.