சந்தையில் கிடைத்த கத்தரி யாருடைய கைக்கு?

ஞாயிறு காலையில் பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டை ஒட்டிய தெருக்களில் பழம்பொருட்கள் நடைபாதையில் பரப்பப்படுகின்றன. சென்னையில் காயலான் கடை என்பதை அங்கே குஜரி என்பார்கள். அந்தக் குஜரிக் குவியல்களின் முன் குந்தியிருப்போரில் ஒரு வகையினரை எளிதில் அடையாளம் காணலாம். மாதச் சம்பளக்காரர், நடுவயதினர், தோளில் துணிப்பை மாட்டியவர், விலை கேட்குமுன் இரும்பைச் சுண்டி ஓசை பார்ப்பவர். அவர் வீட்டு மாடியில் ஒரு தோட்டம் இருக்கிறது. அத்தோட்டத்தை வளர்ப்பவர் பெரும்பாலும் அவர் மனைவி. தோட்டத்துக்கென்று கணவர் ஆற்றும் பங்கு, துருவேறிய ஒரு கவாத்துக் கத்தரியையோ பிடியற்ற ஒரு களைக்கொத்தையோ வெற்றிப் பொருளாக வீட்டுக்குக் கொண்டுவருவது.

அதே நேரத்தில் மாடியில் என்ன நடக்கிறது? தொட்டியில் இறுகிய மண்ணைக் கிளறச் சமையலறையில் காலங்கழிந்த ஒரு கரண்டி. நாற்றைப் பெயர்த்து நட, காம்பு வளைந்த ஒரு தேக்கரண்டி. கறிவேப்பிலைக் கொப்பை நறுக்கப் பழைய காய்கறிக் கத்தி. நீர் ஊற்ற, மூடியில் துளையிட்ட ஒரு குளிர்பானக் குப்பி. தோட்டம் உண்மையில் நடப்பது இவற்றால்தான். ஆனால் அந்த வீட்டில் யாரும் இவற்றைக் கருவிகள் என்று சொல்வதில்லை. கருவிகள் என்றால் கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டவை. எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கிப் படம் எடுக்கப்பட்டவை.

இந்தக் கணவரை எள்ளி நகையாடுவது எளிது. எனினும் அது நியாயமன்று. இரும்பைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. இணையத்தில் ஐந்து உருப்படிகள் கொண்ட தொகுதியாக விற்கும் மலிவான தோட்டக் கருவிகளில் பல, மெல்லிய தகட்டை அச்சில் அழுத்தி எடுத்தவை. வேரோடிய தொட்டியில் குத்தி நெம்பினால் கரண்டியின் கழுத்து மடங்கிவிடும். பழைய களைக்கொத்து ஒரே இரும்பை அடித்து நீட்டியது. அதன் வால்முனை பிடிக்குள் ஆழச் செல்லும். பிடி பிளக்காதபடி பூண் இறுக்கியிருக்கும். கரிமம் மிகுந்த எஃகு துருப்பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் கூர் மழுங்கினால் ஒரு கல்லில் பத்து முறை இழைத்து மீட்டுவிடலாம். பழைய கத்தரிகள் பலவற்றின் நடு ஆணி திருகாணியாக இருப்பதால் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்ட முடியும். தறையாணி அடித்து மூடிய மலிவுக் கத்தரியில் வில் தெறித்து விழுந்தால் அத்தோடு அதன் ஆயுள் முடிந்தது. கழற்ற முடிந்த பொருளே நெடுநாள் உழைக்கிறது என்பதை அவர் குஜரிக் குவியலில் கற்றுக்கொண்டிருக்கிறார். அது சிறிய அறிவன்று.

இத்தகைய இரும்பு பெங்களூர்ச் சந்தைக்கு வந்து சேர்வதற்கும் காரணம் உண்டு. 1940இல் விமானத் தொழிற்சாலை, 1948இல் தொலைபேசிக் கருவித் தொழிற்சாலை, 1953இல் எச்.எம்.டி. என்று இயந்திரங்களைச் சுற்றி வளர்ந்த நகரம் அது. அத்தொழிற்சாலைகளை நம்பி எழுந்த பட்டறைகள் மூடும்போது அரமும் பட்டடையும் பிடிப்பானும் எடைக்கு வருகின்றன. மேற்கே குடகு, சிக்கமகளூர் காப்பித் தோட்டங்களில் கவாத்து என்பது ஆண்டுதோறும் தவறாத வேலை. ஆதலால் கவாத்துக் கத்திக்கும் அந்நிலத்தில் நீண்ட வழக்கம் உண்டு. பழைய பங்களாக்கள் இடிபடும்போது தோட்டக்காரர் அறையில் கிடந்தவையும் வெளியே வரும். டாட்டாவின் அக்ரிகோ முத்திரை பதித்த மண்வெட்டி இந்தியா முழுவதும் கிடைக்கும். 1925 முதல் விற்பனையாகும் பெயர் அது. தேடுவோருக்கு அந்த முத்திரையைக் கண்டால் ஒரு தனி மகிழ்ச்சி.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மண்வெட்டி தரைக்கு உரியது. மாடித் தோட்டத்தில் தரை இல்லை. ஒரு கன அடி ஈரமண் ஏறத்தாழ 50 கிலோ எடை இருக்கும். அந்தச் சுமையைத் தளத்தின் மேல் ஏற்ற அஞ்சித்தான் பலரும் தென்னைநார்க் கழிவும் தொழுவுரமும் கலந்த இலேசான கலவைக்கு மாறிவிட்டனர். நகர எல்லையில் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமே, பதப்படுத்திய தென்னைநார்க் கழிவில் மண்ணின்றிக் காய்கறி வளர்க்கும் முறையைப் பரப்பி வருகிறது. அக்கலவையைக் கையால் கிளறலாம்; கரண்டியே அதிகம். செம்மண் மேட்டைக் கொத்தப் பிறந்த இரண்டு கிலோ இரும்புக்கு அங்கே என்ன வேலை? சந்தையில் அரிதாகக் கிடைப்பது வீட்டில் தேவைப்படுவதாகவும் இருக்கும் என்ற நம்பிக்கை, சேகரிப்போர் எல்லோருக்கும் பொதுவான மயக்கம். நூலகத்துக்கு நூல் வாங்குவோரிடமும் அது உண்டு.

அடுத்தது கையின் அளவு. கவாத்துக் கத்தரியை எடுத்துக்கொள்வோம். வில் தள்ளி விரித்த நிலையில் இரு பிடிகளுக்கும் இடையே உள்ள தொலைவை விரல்கள் எட்ட வேண்டும். எட்டியபின் அழுத்தும் வலிமையும் வேண்டும். விரல் நுனியால் மட்டும் பற்றி அழுத்துபவருக்கு அரைமணி நேரத்தில் கட்டைவிரல் அடி வலிக்கும். போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் இந்திய வேளாண் தொழிலாளரின் உடலளவுகளையும் பிடிவலிமையையும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே திரட்டியிருக்கிறது. வேளாண் மகளிருக்கென்றே 1996இல் தொடங்கிய மத்திய நிறுவனம் புவனேஸ்வரத்தில் இயங்குகிறது. கருவி ஆளுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது அங்கெல்லாம் விவாதத்துக்கு உரியதாகவே இல்லை; அது தொடக்கப் பாடம். ஆனால் அப்பாடம் வயலைத் தாண்டி வீட்டு மாடிக்கு ஏறவில்லை. சந்தையில் கத்தரியை விரித்து மூடிப் பார்க்கும் கை வேறு. திங்கள் முதல் சனி வரை அதைப் பிடிக்கப் போகும் கை வேறு. வாங்கியவர் பிடித்துப் பார்த்தபோது அது கச்சிதமாகத்தான் இருந்தது.

இதற்கு ஒரு தீர்வு உண்டு. பிடியைக் குட்டையாக்கலாம், வேறு வில் போடலாம், கொத்தின் அலகைக் குறுக்கலாம். சொன்னவுடன் வரும் மறுப்பு, பழமை கெட்டுவிடும் என்பது. ஒரு பொருளின் இயற்கையான முதுமையைக் காப்பது அருங்காட்சியகத்தின் கடமை. அங்கே அது சரி. வீட்டுத் தோட்டம் அருங்காட்சியகம் அன்று. மேலும், காப்பதாகச் சொல்பவர் உண்மையில் எதைக் காக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். கருவியின் வரலாறு முத்திரையில் மட்டும் இல்லை, தேய்மானத்தில் இருக்கிறது. பழைய களைக்கொத்தின் பிடியில் கட்டைவிரல் பதிந்து பதிந்து குழிந்த இடம் ஒன்று இருக்கும். அலகு ஒருபக்கம் கூடுதலாகத் தேய்ந்திருந்தால், பிடித்தவர் வலக்கையரா இடக்கையரா என்று ஊகிக்க முடியும். பெயர் எங்கும் பதியாத ஒரு தொழிலாளியைப் பற்றி எஞ்சிய சான்று அந்தக் குழி ஒன்றே. ஞாயிறு மாலை உப்புத்தாளால் முதலில் தேய்த்து அழிக்கப்படுவதும் அதுதான். முத்திரை எழுத்துகளை மட்டும் பல்துலக்கியால் பொறுமையாகத் துலக்குவார்கள். செய்த நிறுவனத்தின் பெயர் மிஞ்சுகிறது. உழைத்தவரின் கை அழிகிறது. பொருள்சார் பண்பாடு பற்றி ஆய்வேடு எழுதுவோரும் இந்தத் தவற்றிலிருந்து முற்றும் விலகியவர்கள் என்று சொல்ல முடியாது.

பழைய கருவிக்கு மாற்றமே மரபு. அரிவாள் தேய்ந்தால் களைக்கொத்தாகும். லாரியின் பட்டைவில் வெட்டரிவாளாகும். கொல்லர் உலையில் இரும்பு இப்படித்தான் பிறவி எடுத்து வந்திருக்கிறது. கன்னடத்தில் உலைக்களத்தைக் குலுமெ என்பர், கொல்லரைக் கம்மார என்பர். தமிழில் கம்மாளர் என்று வழங்குவதன் உறவுச் சொல் அது. நகரின் விளிம்பிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் இன்னும் எஞ்சியிருக்கும் குலுமெ ஒன்றுக்கு ஒரு பழைய அரிவாளைக் கொண்டுபோய், தொட்டிக்கு ஏற்ற கொத்து வேண்டும் என்று கேட்டுப் பார்க்கலாம். நல்ல கொல்லர் உடனே இரும்பைத் தொடமாட்டார். மண்ணிலா தொட்டியிலா என்பார். உட்கார்ந்து வேலை செய்வதா, நின்றா என்பார். யார் பிடிப்பது என்பார். வீட்டுக்காரர் என்று பதில் வந்தால், அவரை ஒருமுறை வரச் சொல்லுங்கள் என்பார். பெரிய நிறுவனங்கள் அளவுகோலும் பிடிமானியும் கொண்டு கேட்கும் கேள்வி அதுவே. வாங்கிய கணவர் கேட்காமல் விட்ட கேள்வியும் அதுவே.

அதன்பின் நடப்பதைப் பார்ப்பது ஒரு கல்வி. இரும்பு செஞ்சூடாகும்வரை துருத்தி, அடித்து நீட்டல், கூர் பிடிக்கும் பகுதிக்கு மட்டும் தோய்ச்சல். தோய்ச்சல் கொடுத்த இரும்பு கண்ணாடிபோல் நொறுங்கும். ஆகவே மறுபடி இலேசாகச் சூடேற்றுவார். மேற்பரப்பில் வைக்கோல் நிறம் ஓடும்போது நிறுத்திவிட வேண்டும். நீலம் படர்ந்துவிட்டால் அலகு மென்மையாகி நெடுநாள் கூர் நிற்காது. வீட்டில் மின்சாணைச் சக்கரத்தில் அழுத்திப் பொறி பறக்கத் தீட்டுபவர் தம்மை அறியாமல் செய்வது இந்த நீலத்தைத்தான். 80 ஆண்டு நின்ற பதத்தை இரண்டு நிமிடத்தில் போக்கிவிட்டு, பழைய இரும்பும் இப்போதெல்லாம் சரியில்லை என்பார். நீரில் அடிக்கடி நனைத்துக் கையால் தீட்டினால் போதும். துருவைப் போக்க ஒரு பகல் வினிகரில் ஊறவைத்து, சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசலாம். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதை உலர்ந்த நிலையில் சுரண்டாமல் நனைத்துச் சுரண்டுவது நல்லது. துருவினால் தசைவிறைப்பு நோய் வரும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. அந்நோயின் கிருமி வாழுமிடம் மண். ஆகவே தடுப்பூசி கருவி துலக்குபவரைவிடத் தோட்டக்காரருக்கே முதலில் வேண்டும்.

கொல்லரின் இந்த அறிவுக்கு வேளாண் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் என்ன இடம் என்று மாணவர்கள் தங்கள் துறைகளில் கேட்டுப் பார்க்கலாம். பண்ணை இயந்திரவியலில் உழுபொறிக்கு ஒரு பருவம் முழுதும் உண்டு. உலைக்களத்தில் ஒரு வாரம் கழித்து மதிப்பெண் பெற வழி உண்டா?

வீட்டுக்குள் திரும்பினால் இன்னொரு கணக்கு இருக்கிறது. கருவியைத் தேடுவது ஒரு நிகழ்ச்சி. அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு; சொல்லக் கதை உண்டு; விருந்தினரிடம் காட்டப் பொருள் உண்டு. நீர் ஊற்றுவது நிகழ்ச்சி அன்று. மாவுப்பூச்சி படர்ந்த இலையைத் திருப்பித் துடைப்பதும், பழுத்த கீரையைப் பிடுங்கி விதைக்கு இரண்டு செடியை விட்டுவைப்பதும், வெளியூர் செல்லும்போது எதிர்வீட்டில் சாவி கொடுத்துக் கெஞ்சுவதும் எந்தக் கதையிலும் சேர்வதில்லை. ஒரே பொழுதுபோக்கின் இரு பாதிகள்போல் தோன்றினாலும், ஒன்று விடுமுறை நாளின் இன்பம், மற்றது நாள்தோறும் தவறக்கூடாத கடமை. ஆயுத பூசையன்று இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். சுவரில் தொங்கும் கத்தரிக்கும் கொத்துக்கும் குங்குமம் உண்டு, பூ உண்டு. கறிவேப்பிலைத் தொட்டியில் செருகிய கரண்டி அன்றும் அங்கேயே நிற்கும்.

ஆதலால் பழங்கருவி தேடுவதைக் கைவிட வேண்டியதில்லை. கேட்பது சிறிது. சந்தைக்கு இருவரும் போகலாம். பொருளை முதலில் பிடித்துப் பார்ப்பவர் அதைப் பயன்படுத்தப் போகிறவராக இருக்கலாம். மனைவிக்குச் சந்தையில் விருப்பம் இல்லையென்றால், அவர் உள்ளங்கையை ஒரு தாளில் வரைந்து மடித்துப் பையில் வைத்துக்கொள்வதில் இழிவு ஒன்றுமில்லை. வாங்கியது கைக்குப் பொருந்தவில்லையென்றால் முத்திரையைப் பார்த்துத் தயங்காமல் வெட்டிக் குறைக்கலாம்.

கடைசியாக, கூலி பற்றி ஒரு சொல். நடைபாதையில் முத்திரையைக் கண்ட மகிழ்ச்சியில் சொன்ன விலையை எண்ணிக் கொடுத்துவிட்டு வருபவர், பிடி மாற்றித் தோய்ச்சல் கொடுத்துத் தரும் கொல்லரிடம் பாதிக்குப் பாதி பேரம் பேசுகிறார். கருவேலங்கட்டையும் கரியும் அரைநாள் உழைப்பும் அவருடைய செலவு. அடுத்த முறை பேரத்தைச் சந்தையில் முடித்துவிட்டு, குலுமெயில் கேட்டதைக் கொடுக்கலாம்.