வெட்டப்பட்ட பக்கங்கள்

இந்தியாவின் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு 2023இல் வெளியிட்ட பத்தாம் வகுப்பு விஞ்ஞான நூலில், பரம்பரையும் கூர்ப்பும் என்றிருந்த அத்தியாயம் பரம்பரை மட்டுமாகச் சுருங்கிற்று. தொற்றுநோய்க் காலத்தில் மாணவரின் சுமையைக் குறைத்தோம் என்பது அவர்கள் சொன்ன சமாதானம்.

எது சுமை? நரம்பும் ஓமோனும் பற்றிய அத்தியாயம் அந்நூலில் அப்படியே இருக்கின்றது. கூர்ப்பை அகற்றிய பின்னர் அது மனனஞ் செய்வதற்கான பெயர்ப் பட்டியலேயன்றி வேறென்ன? (பெயர்ப் பட்டியலை விஞ்ஞானமென மயங்கும் பழக்கம் நம் பரீட்சை மண்டபங்களுக்கும் அந்நியமன்று.) மூளையிலிருந்து புறப்பட்டுக் குரல்வளையை இயக்கும் நரம்பொன்று, இடப்பக்கத்தில் நெஞ்சுவரை இறங்கி, பெருநாடியைச் சுற்றி, மீண்டும் கழுத்துக்கு ஏறுகின்றது. ஒட்டகச்சிவிங்கியில் இவ்வீண் பயணம் பல மீற்றர் நீளமானது. எந்தப் பொறியியலாளன் இவ்வாறு கம்பி இழுப்பான்? மீனையொத்த முன்னோரின் செவுளுக்கு நேர்வழியே சென்ற நரம்பு அது. கழுத்து தோன்றி நீள, இதயம் கீழிறங்க, இரத்தக் குழாயில் சிக்கி அதுவும் இழுபட்டது. இதனைச் சொல்லாமல் நரம்பைக் கற்பிப்பது எவ்வாறு?

குரங்கு மனிதனானதை எவரும் கண்டதில்லை. ஆகவே டார்வின் கொள்கை தவறு என்று 2018இல் முழங்கினார், அன்றைய மத்திய இணை அமைச்சர் சத்யபால் சிங். இன்றுள்ள குரங்கு மனிதனாயிற்று என்று டார்வின் சொல்லவேயில்லை. இரண்டுக்கும் முன்னோர் பொது என்றே சொன்னார். சாட்சி வேண்டுமா? மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உள்ளன. பன்றியின் இன்சுலின் அதிலிருந்து ஒன்றில் மட்டும் வேறுபடும், மாட்டினுடையது மூன்றில். 1922 தொடங்கிப் பல தசாப்தங்களாக நீரிழிவு நோயாளர் இவ்விலங்குகளின் சதையியிலிருந்து எடுத்த ஓமோனாலேயே உயிர் வாழ்ந்தனர். அமைச்சர் காணாத உறவு அவர்களது நாளங்களில் ஓடிற்று.

பன்னிரண்டாம் வகுப்பில் அப்பாடம் இருக்கின்றதே என்பர். ஆம், உயிரியலைத் தெரிந்தெடுத்தோருக்கு இருக்கின்றது. பத்தாம் வகுப்போடு ஆலைக்கும் வயலுக்கும் போகும் பிள்ளைக்கு? வைத்தியராகப் போகின்றவர் மனிதனின் வரலாற்றை அறியலாம், தறி ஓட்டப் போகின்றவர் அறிய வேண்டியதில்லை என்பதே இவ்வெட்டின் பொருள். சாதி பிறப்பிலேயே விதிக்கப்பட்டதென்று நம்பவைக்க விழைவோருக்கு, எல்லா மாந்தரும் ஒரே மூலத்தினர் என்னும் பாடம் உவப்பாயிராது தான்.

1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் 2023 ஏப்ரிலில் பகிரங்கக் கடிதமொன்றில் கையொப்பமிட்டனர். அவர்கள் கேட்டது புதிய சலுகை எதுவுமன்று. வெட்டிய பக்கங்களைத் திரும்ப அச்சிடுங்கள் என்றே கேட்டனர்.